பதினெட்டாவது மெழுகுவத்தி

அத்தியாயம் 11

விமான நிலையத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்த நாளிலிருந்து ரொவீனாவுக்குச் சோறு இறங்கவில்லை.

எந்தச் சிரிப்பு என்று கேட்பவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நாளைக்கு முன், மகள் மைக்காவின் பல்லில் இரண்டு வருடமாக மாட்டியிருந்த கம்பியைக் கழற்றியது ரொவீனாதான். பெற்றவளும் அவள்தான், பல் டாக்டரும் அவள்தான். கைக்கண்ணாடியை நீட்டி, "எங்க, சிரி பாப்போம்" என்றதற்கு மைக்கா உதட்டைப் பிரிக்காமல், "தேங்க் யூ, மம்மி" என்று சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். மறுநாள் வின்னிபெக் விமான நிலையத்தில், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டியோடு பெரியம்மா ஹெர்மி வெளியே வந்தாள். அப்போது பிரிந்ததே அந்த உதடு! ரொவீனா பார்த்துப் பார்த்து வரிசைப்படுத்திய பல் அத்தனையும் தெரிய, "நானாய்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

நானாய் என்றால் அவர்கள் ஊரில் அம்மா. வளர்த்த பெரியம்மா நானாய். பெற்றவள் வெறும் மம்மி.

மைக்காவுக்கு நான்கு வயதாகும்போது அவளை அக்காவிடம் விட்டுவிட்டுக் கனடாவுக்கு வந்தவள் ரொவீனா. வயிற்றுப்பாட்டுக்காக வந்தாள் என்று யாரும் இரக்கப்பட வேண்டாம். பிலிப்பைன்ஸில், இலோய்லோ நகரத்தில், அவளுக்குச் சொந்தமாகப் பல் ஆஸ்பத்திரி இருந்தது. விடிந்தால் வாசலில் ஆள் காத்திருக்கும். அது போதவில்லை அவளுக்கு. வெளிநாட்டில் தன் பெயரைப் பலகையில் பார்த்தே தீர வேண்டும் என்று ஒரு வெறி. கப்பல் வேலைக்குப் போன கணவன் வேறு துறைமுகத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டதை மூன்றாம் அத்தியாயத்திலேயே பேசித் தீர்த்துவிட்டோம். இங்கே அவன் வேண்டாம்.

வந்த புதிதில் ஒரு முதியவரைக் கவனித்துக்கொள்ளும் வேலை. பிறகு இன்னொருவருடைய பல் ஆஸ்பத்திரியில் கருவி கழுவும் வேலை. பரீட்சை எழுதினாள், தோற்றாள், மறுபடி எழுதினாள். ஐந்தாம் வருடம் நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்தது. அன்றைக்கே மகளைக் கூப்பிட்டுக்கொள்ள மனு போட்டிருக்கலாம். நிரப்பியும் வைத்தாள், போடவில்லை. குழந்தை வந்தால் படிப்பு கெடும், இந்த ஒரு பரீட்சை முடியட்டும் என்று அதை மேஜை இழுப்பறைக்குள் தள்ளினாள். நான்கு வருடம் அது அங்கேயே கிடந்தது. ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம், "பேப்பர் இன்னும் வரல, இங்க கவர்மெண்ட் ரொம்ப ஸ்லோ" என்று ஒரே பாட்டு.

இது ரொவீனாவுக்கும் நமக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

பரீட்சையில் ஜெயித்தாள். பலகையும் மாட்டினாள். மைக்கா வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. தாயை விடக் கால் அடி உயரம். இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மகளை ரொவீனா ஆசை தீரத் தொட்டதெல்லாம் அந்தப் பல் நாற்காலியில், கையுறை போட்டுக்கொண்டுதான்.

இன்று மைக்காவுக்குப் பதினெட்டு.

சனிக்கிழமை காலை. மார்ச் பிறந்தும் வெளியே மைனஸ் இருபது. ரொவீனா மாடியிலிருந்து இறங்கும்போதே கருவாட்டு வாசனை மூக்கில் ஏறியது. அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று பத்து வருடமாக அந்த வீட்டில் அவள் கருவாடு பொரித்ததில்லை. வந்த நாலு நாளில் ஹெர்மி மூன்று தரம் பொரித்துவிட்டாள்.

சமையலறையில் ஹெர்மி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். அவள் காலடியில், தரையில் சம்மணம் போட்டு மைக்கா. ஒரு கையால் பூண்டுச் சோற்றையும் கருவாட்டையும் பிசைந்து தின்றுகொண்டிருந்தாள். ஹெர்மி அவள் தலைமயிரைப் பிரித்துப் பிரித்து உருளைகளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா, நானாய்! மயிரு வேரோட வந்துரும்."

"வரட்டும். ஆட்டாம உக்காருடி. இன்னிக்கு உன் கூட ஆடுறதுக்குப் பதினெட்டு பயலுக வர்றானுங்க. அதுல ஒருத்தனாவது தேறுறானான்னு நான் பாக்க வேண்டாமா?"

"நீ பாக்கறதுக்கு அவனுங்க என்ன மீனா?"

"மீனுன்னா செவுளத் தூக்கிப் பாத்துருவேன். பயலுகளுக்குத்தான் அது இல்ல."

மைக்கா வாயில் சோற்றோடு சிரித்தாள். புரையேறியது. ஹெர்மி அவள் உச்சியில் தட்டினாள். இப்படியும் இந்தப் பெண் சிரிப்பாள் என்பது ரொவீனாவுக்கு இந்த நாலு நாளாகத்தான் தெரியும்.

வாசலில் நிழல் தட்டியதும் மைக்கா நிமிர்ந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"குட் மார்னிங், மம்மி."

அவ்வளவுதான், இங்கிலீஷ் வந்துவிட்டது. நானாயோடு பேச ஊர்ப் பேச்சு, மம்மியோடு பேச பள்ளிக்கூடத்துப் பேச்சு.

"ஹேப்பி பர்த்டே" என்று ரொவீனா குனிந்து முத்தமிடப் போனாள். உருளைகள் கன்னத்தில் இடித்தன.

"வா, இண்டாய். உக்காரு, சாப்பிடு" என்றாள் ஹெர்மி. நாற்பத்தாறு வயதாகியும், பெயருக்கு முன்னால் டாக்டர் வந்தும், அக்காவுக்கு அவள் இன்னும் இண்டாய்தான், வீட்டுச் சின்னப் பெண்தான். "மூஞ்சி ஏன் இப்படி வத்திக் கெடக்கு?"

"பசிக்கல, மனாங்."

அக்காவை மனாங் என்று கூப்பிடுவது அவர்கள் வழக்கம். அந்த வழக்கத்தை மட்டும் ரொவீனா விடவில்லை.

"நாலு நாளா இதையே சொல்ற. நான் வந்து உன் பசியையும் சேத்துத் தின்னுட்டேனா?"

ரொவீனா காபியை ஊற்றிக்கொண்டு நின்றபடியே குடித்தாள்.

"இந்தப் பல்லப் பாரேன்" என்று ஹெர்மி மைக்காவின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "முத்து கோத்த மாதிரி வெச்சிருக்க, இண்டாய். கைராசிதான் உனக்கு. இவ மொதப் பல்லு விழுந்த கூத்த உங்கிட்ட சொன்னேனா?"

"ஐயோ நானாய், வேண்டாம்!"

"ஆறு வயசு. வேகவெச்ச சோளத்தக் கடிச்சா. பல்லு சோளத்துலயே நட்டுக்கிட்டு நிக்கிது. இவ அதப் பாத்துட்டு, 'சோளத்துல எலும்பு இருக்கு, சோளத்துல எலும்பு இருக்கு'ன்னு தெருவே கூடுற மாதிரி ஒரு அழுக! அந்தப் பல்லையும் கூர மேலதான் போட்டேன். இருபது பல்லும் அங்கதான் கெடக்குது."

"பத்தொம்போது. ஒண்ணத்தான் முழுங்கிட்டேனே."

"ஆமாடி, ஆமா! மூணு நாள் உன் பின்னாடியே கழிவறைக்கு வந்தேனே, அத மறப்பேனா?"

இருவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள்.

"எந்தப் பல்?" என்று கேட்டாள் ரொவீனா.

"என்ன எந்தப் பல்?"

"சோளத்துல விழுந்தது. கீழ் வரிசையா, மேல் வரிசையா?"

ஹெர்மி விழித்தாள். "பல்லு பல்லுதான. எனக்கென்ன நம்பரா தெரியும்?"

ரொவீனாவுக்கு நம்பர் தெரியும். ஒவ்வொரு பால்பல்லும் எந்த மாதம் ஆடும், எந்த மாதம் விழும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஊரான் பிள்ளைகளின் பால்பல்லை நாளுக்கு நாலைந்து பிடுங்குகிறாள். தன் பிள்ளையின் பல் ஒன்றுகூட அவள் கண்ணில் பட்டதில்லை. அத்தனையும் அக்காவின் உள்ளங்கையில் விழுந்து, அக்காவின் கூரைக்குப் போய்விட்டன. அக்கா அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். வயிறு எரிந்தது ரொவீனாவுக்கு.

"கருவாட்டு வாசன முடியில ஏறிக்கும்" என்றாள் வெடுக்கென்று. "அந்த முடியோடதான் கவுன் போட்டுக்கிட்டு ஹாலுக்கு வரப்போறாளா? கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா?"

மைக்கா எழுந்து தட்டைத் தொட்டியில் வைத்தாள். கையைக் கழுவினாள். ஒரு தரம் அல்ல, இரண்டு தரம் சோப்பு போட்டு.

"என் தப்புதான், என் தப்புதான்" என்று ஹெர்மி ஓடிப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். மைனஸ் இருபது காற்று உள்ளே வந்து, சோற்றைக் கூடச் சில்லிட வைத்துவிட்டது.

சர்ச்சின் கீழ்த்தள ஹாலைப் பகலுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் ஒரு கல்யாணம். பதினோரு மணிக்கே ரொவீனா அங்கே போய்விட்டாள். முழுப் பன்றி வறுவல் வந்து இறங்கியாயிற்று. நூடுல்ஸ் தட்டுகள் வரிசையாக மூடியிருந்தன. மேடையில் நீலத் துணி, நடுவில் மைக்காவுக்கு ஒரு சிங்காரமான நாற்காலி.

பெண்ணுக்குப் பதினெட்டு நிறைந்தால் பிலிப்பைன்ஸ்காரர்கள் வீட்டில் இந்த விழா இல்லாமல் இருக்காது. பதினெட்டு ஆண்கள் ஆளுக்கொரு ரோஜாவோடு வந்து அவளோடு ஒரு சுற்று ஆடுவார்கள். பதினெட்டுப் பெண்கள் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லுவார்கள். கூப்பிடும் வரிசையைப் பெண்தான் எழுதித் தருவாள். கடைசி மெழுகுவத்தி யாருக்கு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அது தாய்க்கு.

அதனால்தான் ரொவீனாவும் மகளிடம் கேட்கவில்லை. மூன்று வாரமாகப் பேச்சு தயாரித்து, தட்டச்சு செய்து, கைப்பைக்குள் வைத்திருந்தாள்.

"டாக்! வாங்க வாங்க. ஒரு உபகாரம்" என்று போயெட் ஓடி வந்தார். போயெட் வாரம் முழுக்க பஸ் ஓட்டுகிறவர். சனி ஞாயிறில் அவர்கள் ஆட்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் மைக் அவர் கையில்தான். "மைக்கா மெழுகுவத்தி லிஸ்ட் குடுத்துவிட்டிருக்கா. கண்ணாடிய பஸ்லயே வெச்சுட்டு வந்துட்டேன். நீங்க வாசிங்க, நான் கார்டுல பெருசு பெருசா எழுதிக்கிறேன்."

காகிதத்தை வாங்கினாள். மைக்காவின் உருண்டை எழுத்து. ஒன்று, பள்ளித் தோழி. இரண்டு, இன்னொரு தோழி. வாசித்துக்கொண்டே வந்தாள். பதினாறு, ஞாயிறு வகுப்பு டீச்சர்.

பதினேழு: மம்மி.

பதினெட்டு: நானாய்.

பதினெட்டுக்குப் பக்கத்தில் பேனாவால் சின்னதாக ஒரு இதயம் வேறு போட்டிருந்தாள்.

ரொவீனாவுக்கு வந்தது அழுகை அல்ல, கோபம். ஹால் யார் பிடித்தது? அந்தக் கவுனுக்கு மூன்று கடை ஏறி இறங்கியது யார்? அக்காவுக்கு விசா வாங்க எத்தனை நாள் நின்றது யார்? வந்து நாலு நாளாகாத ஒருத்திக்கு இதயமா?

"பதினேழு யாரு, டாக்?"

போயெட் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"ஹெர்மினியா" என்றாள் ரொவீனா.

"உங்க மனாங். சரி." எழுதிக்கொண்டார். "பதினெட்டு நீங்க. அதையும் நான் உங்கள்ட்ட கேக்கணுமாக்கும்!"

ஆமாம் என்றுகூட அவள் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள், தன் பேச்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லையே, ஊர் வழக்கம் அதுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

ஒரு மணிக்கு மைக்கா படியிறங்கி வந்தாள். இளநீலக் கவுன், சுருள் சுருளாகத் தோளில் விழுந்த முடி. ஹால் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. பின்னால் ஹெர்மி கவுனின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தபடி, இரவல் ஹீல்ஸில் தத்தித் தத்தி வந்தாள்.

ரோஜாக்கள் முடிந்தன. பதினெட்டு ஆண்களில் நாலு பேர் அவள் காலை மிதித்தார்கள், ஒருவர் அழுதேவிட்டார். விளக்குகளைக் குறைத்தார்கள். மெழுகுவத்தி ஆரம்பமானது.

தோழிகள் வந்தார்கள், சிரித்தார்கள், மூக்கை உறிஞ்சினார்கள். ஒவ்வொருத்தி பேசும்போதும் ரொவீனா எண்ணிக்கொண்டிருந்தாள். பதினான்கு. பதினைந்து. மைக்கா ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு முடிந்தது.

போயெட் கார்டை மூக்கருகில் கொண்டுபோனார். "பதினேழாவது மெழுகுவத்தி. இலோய்லோவிலிருந்து, பன்னிரண்டு வருஷம் இந்தக் குழந்தைய வளத்த கை. பெரியம்மா ஹெர்மினியா!"

மைக்காவின் முகம் மாறியது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். "அங்கிள், இல்ல, அது..."

ஹெர்மி அதற்குள் எழுந்துவிட்டாள். மைக்காவைப் பார்த்தாள். பிறகு ரொவீனாவைப் பார்த்தாள். ஒரே ஒரு நொடிதான். அதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. கையை ஆட்டி, உட்காரு என்று மைக்காவுக்குச் சைகை காட்டிவிட்டு, தத்தித் தத்தி மேடை ஏறினாள்.

மெழுகுவத்தியை ஏற்றி இடது கையில் பிடித்துக்கொண்டாள். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தாள்.

"நான் மேடையில பேசுற ஆளு இல்லீங்க. ஸ்கூல் கேண்டீன்ல கத்துற ஆளு. சத்தம் ஜாஸ்தியா இருந்தா மன்னிச்சுக்குங்க."

சிரித்தார்கள்.

"இந்தப் புள்ளைக்கு ஒன்பது வயசுலேர்ந்து ஒரு கெட்ட பழக்கம். தபால்காரன் சைக்கிள் மணி கேட்டாப் போதும், பாதிச் சோத்துல எந்திரிச்சு ஓடுவா. கைகூடக் கழுவ மாட்டா. 'நானாய், பேப்பர் வந்துருச்சா? கனடா பேப்பர் வந்துருச்சா?' நாலு வருஷம். மழையில ஓடுவா, ஜொரத்துல ஓடுவா. எங்க தெரு நாய்கூட இவ கூட ஓடப் பழகிருச்சு."

மறுபடி சிரிப்பு. மைக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"வராதப்ப எங்கிட்ட வந்து, 'மம்மிக்கு என்னயப் பிடிக்கலியா'ன்னு கேப்பா. நான் சொல்லுவேன். 'அடியே, உங்கம்மா அங்க தெனமும் அந்த ஆபீஸ் வாசல்ல போய் நிக்கிறாடி. அவங்கதான் மெதுவா எழுதுறாங்க.' இன்னிக்கு உனக்குப் பதினெட்டு. பெரிய மனுஷி. அதனால இத எல்லார் முன்னாடியும் சொல்றேன். உங்கம்மா லேட் பண்ணல. பேப்பர்தான் லேட் பண்ணிச்சு. கோவம்னா பேப்பர் மேல கோவிச்சுக்க, அவ மேல வேண்டாம். அவள நல்லாப் பாத்துக்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

மெழுகுவத்தியை வரிசையில் நட்டாள். ஹால் எழுந்து நின்று கைதட்டியது. மைக்கா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பவுடர் பூசிய கன்னத்தில் கண்ணீர் கோடு போட்டது.

ரொவீனா கைதட்டவில்லை.

எந்தத் தங்கைக்கும் அந்த இடத்தில் மனம் இளகியிருக்கும். இவளுக்கு இன்னும் எரிந்தது. பல்லை எடுத்துக்கொண்டாள், சிரிப்பை எடுத்துக்கொண்டாள், அம்மா என்ற பெயரை எடுத்துக்கொண்டாள். கடைசி இடத்தை நான் திருடினால் அதையும் தானமாகக் கொடுத்துவிட்டுப் போகிறாள். நல்லவள் என்ற பெயரும் இவளுக்கே என்றால் எனக்கு என்னதான் மிச்சம்?

"பதினெட்டாவது மெழுகுவத்தி!" என்று போயெட்டின் குரல் முழங்கியது. "நம்ம எல்லாருக்கும் பல்லு பாக்குற டாக்டர். இன்னிக்கு டாக்டர் இல்ல, தாய். டாக் ரொவீனா!"

ஏறினாள். மெழுகுவத்தியைக் கொடுத்தார்கள். தீப்பெட்டியை அப்படியே மேஜை மேல் வைத்துவிட்டுப் பேச்சுக் காகிதத்தைப் பிரித்தாள். 'எல்லாம் உனக்காகத்தான்' என்பது முதல் வரி. அந்த வரி உள்ளே இன்னும் நாலு இடத்தில் இருந்தது. எதிரே ஹெர்மி, மைக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, 'பேசு, பேசு' என்று தலையாட்டினாள். குழந்தையை முதல் நாள் பள்ளியில் விட்டவள் தலையாட்டுகிற மாதிரி.

ரொவீனா காகிதத்தை மடித்தாள்.

"பேப்பர் லேட் ஆகல" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. போயெட் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"பேப்பர் லேட் ஆகல. நாந்தான் போடல. எழுதி, கையெழுத்துப் போட்டு, என் மேஜை டிராயர்ல வெச்சிருந்தேன். நாலு வருஷம். பரீட்ச பாஸ் பண்ணணும்னு. நீ வந்தா படிக்க முடியாதுன்னு." குரல் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "எந்த ஆபீஸ் வாசல்லயும் நான் நிக்கல, மைக்கா. உங்க நானாய் சொன்னதெல்லாம் பொய்."

'தெரியாமல் சொன்ன பொய்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். அவள் சேர்க்கவில்லை.

எல்லோரும் ரொவீனாவைப் பார்த்தார்கள். வாயைப் பிளந்து பார்த்தார்கள், அக்கம்பக்கத்தில் முழங்கையால் இடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

ஒரே ஒருத்தி மட்டும் நிமிரவில்லை. ஹெர்மி குனிந்தபடி, விரலில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மைக்கா அதைப் பார்த்தாள்.

"நானாய்."

ஹெர்மி அடுத்த விரலுக்கு மாறினாள்.

"நானாய், உனக்குத் தெரியுமா?"

"அப்புறம் பேசலாம், கண்ணு. ஜனங்க இருக்காங்க."

"உனக்குத் தெரியுமா?"

ஹெர்மி சுரண்டுவதை நிறுத்தினாள். "தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"உனக்குப் பத்து வயசு இருக்கும்."

மைக்கா தன் கையை மெல்ல உருவிக்கொண்டாள். அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

"தெரிஞ்சும் என்ன ஓட விட்டியே" என்றாள். "மணி அடிச்சப்பல்லாம், அது வராதுன்னு தெரிஞ்சே ஓட விட்டியே, நானாய். நீ வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"வேற என்னடி சொல்லச் சொல்ற? உங்கம்மாவுக்கு நீ வேண்டாம்னு சொல்லணுமா, பத்து வயசுப் புள்ளகிட்ட?"

மைக்கா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். பெரியம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். கதவைச் சாத்துகிற பார்வை. அதை ரொவீனாவுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடமாக மைக்கா அவள் ஒருத்திக்கென்றே வைத்திருந்த பார்வை அது. இன்று முதல் தடவையாக அது ஹெர்மி மேல் விழுந்தது.

ரொவீனாவுக்கு அப்பாடா என்று இருந்தது.

ஆம், அப்பாடா. பெற்ற மகள் எல்லோர் முன்னாலும் உடைந்து நிற்கிறாள், அவளை வளர்த்த அக்கா தலைகுனிந்து நிற்கிறாள். இவளுக்கோ வெந்த இடத்தில் தண்ணீர் ஊற்றியது போல் ஒரு சுகம். இனி நாம் இரண்டு பேரும் ஒன்று என்று ஒரு நினைப்பு. அடுத்த கணமே அந்த நினைப்பைப் பார்த்து அவளுக்கே உடம்பு கூசியது.

மைக்கா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடினாள். கோட்டு எடுக்கவில்லை. மேல் கதவு அறைந்து மூடிய சத்தத்தில் பதினேழு சுடரும் ஒரு தரம் ஆடின.

"சாப்பாடு! சாப்பாடு ஆரம்பிச்சுரலாமா?" என்று போயெட் மைக்கில் யாரையோ கேட்டார்.

அக்கா தங்கை இருவரும் ஒரே நேரத்தில்தான் ஓடினார்கள். ஹெர்மி ஹீல்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, போகிற போக்கில் மைக்காவின் கோட்டைக் கொக்கியிலிருந்து உருவிக்கொண்டாள். ரொவீனா கதவைத் தள்ளினாள். வெயில் கண்ணைக் கூச வைத்தது. காற்று முகத்தில் அறைந்தது.

மைக்கா இல்லை.

புதுப் பனியில் குதிகால் பதிந்த தடம் கார்கள் நிற்கும் இடம் வரை போயிருந்தது. அங்கே ஒரு கார் கிளம்பிய டயர்த் தடம். அதற்கப்பால் ஒன்றும் இல்லை. யார் கார், யார் ஓட்டினார்கள், ரொவீனாவுக்குத் தெரியவில்லை. மகளின் தோழர்களில் கார் வைத்திருப்பது யார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. போன் போட்டாள். கீழே ஹாலில், மைக்காவின் நாற்காலியில், அது மணியடித்துக்கொண்டிருக்கும்.

"உனக்கு யாரு சொன்னா, மனாங்?" என்றாள், போனைக் காதிலிருந்து எடுக்காமலே. "டிராயர் விஷயம் ஒருத்தருக்கும் தெரியாதே."

"அது இப்ப ரொம்ப முக்கியம்!" ஹெர்மி வெறும் ஸ்டாக்கிங்ஸ் காலோடு பனியில் நின்றாள். கோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பனியில் அப்படி நிற்கக் கூடாது என்றுகூட அவளுக்குத் தெரியாது. பனியையே அவள் இந்த நாலு நாளாகத்தான் பார்க்கிறாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன், இண்டாய். நீ லிஸ்ட்ட மாத்துனது எனக்குத் தெரியும். அது போகட்டும். கடைசி இடம் உனக்கு வேணும்னா எடுத்துக்க, நான் கேக்கல. ஆனா இப்ப மேல ஏறி உண்மையச் சொன்னியே. அது அவளுக்காகச் சொன்னியா? இல்ல, அவ மனசுலேர்ந்து என்னயக் கீழ எறக்கணும்னு சொன்னியா?"

ரொவீனா வாயைத் திறந்தாள்.

பதில் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அக்காவின் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.